நாலு பாகக் கடலில் நடந்த மிஸி

போன மாதம் ஒரு பெண் கடலில் நடந்து போனதைப் பார்த்தேன். கரையோரத்தில் அல்ல. நெடுந்தீவுக்கு இரண்டு மைல் இப்பால், நட்ட நடுக் கடலில்!

சிரிக்க வேண்டாம். குடிவெறியில் எழுதவில்லை. ஆதியிலிருந்து சொல்கிறேன்.

என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், முப்பது வருஷம் வெளிநாட்டுக் கப்பல்களில் வேலை பார்த்தவர். எஞ்சின் அறையில். கப்பல் எங்கே போகிறது என்று மேலே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். கீழே இருப்பவருக்குச் சூடு மட்டுந்தான் தெரியும். கப்டனின் மேசையில் விரித்திருக்கும், ஆழம் குறித்த கடல் வரைபடமான சார்ட்டை அத்தான் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. தூரத்திலிருந்து பார்த்தால்தானே பக்தி வரும்?

ஓய்வு பெற்று வந்தவர், திருகோணமலையில் ஒரு வெள்ளைக்காரர் விற்ற பாய்ப்படகை வாங்கினார். இரண்டு பேர் படுக்க அறை, சமைக்கக் கைக்குட்டை அளவில் ஒரு குசினி... படகோடு ஒரு சார்ட்டும் வந்தது. அத்தானுக்குப் படகைவிடச் சார்ட்டில்தான் பெருமை.

அன்று காலை நெடுந்தீவுக்குப் போவதாகத் திட்டம். நானும் அவரும் மட்டும். புங்குடுதீவு இறங்குதுறையில் கயிற்றை அவிழ்க்கிற நேரம் ஓர் அம்மா ஓடி வந்தார். கையில் கறுத்த பை. நெடுந்தீவின் மருத்துவமாது, திரேசம்மா. தீவில் எல்லோருக்கும் ‘மிஸி’. ஒரு செத்தவீட்டுக்கு வேலணை வந்தவர்; பயணிகள் படகான லோஞ்சில் திரும்ப இருந்தார்.

“ஐயா, லோஞ்ச் இண்டைக்கு ஓடாதாம். எஞ்சின் பழுது. அங்கை ஒரு பிள்ளைத்தாச்சிக்கு வலி துவங்கிட்டுதெண்டு சேதி வந்திருக்கு. தலைப்பிள்ளை. என்னையும் ஏத்துங்கோ.”

ஏற்றினோம். கொண்டல் காற்று பின்னாலிருந்து இதமாகத் தள்ளியது. பாதித் தூரம் போனதும் மிஸி எழும்பி நின்று பார்த்தார்.

“ஐயா, லோஞ்ச்காரர் இதாலை போறேல்லை. அங்காலை வளைஞ்சுதான் போறவை.”

“லோஞ்ச்காரரிட்டைச் சார்ட் இருக்கோ?”

“இல்லை.”

“அதுதான் சுத்திப் போகினம்!”

நான் பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படிப்பிக்கிறவன். சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. சார்ட்டை எடுத்து மிஸியின் மடியில் விரித்தேன்.

“பாருங்கோ மிஸி, இந்த இடத்திலை நாலு எண்டு போட்டிருக்கு. நாலு பாகம் ஆழம். ஒரு பாகம் ஆறடி. அப்ப இருபத்திநாலு அடி.”

“ஆர் போட்டது?”

“வெள்ளைக்காரன்.”

“எப்ப?”

எனக்குத் தெரியாது. தெரியாத கேள்வி வந்தால் வாத்தியார் என்ன செய்வார்? “அதெல்லாம் சரியாய்த்தான் போட்டிருப்பினம்” என்றேன்.

ஒரு பத்து நிமிஷம் போயிருக்கும். சர்ர்ர்... என்று அடியில் ஒரு சத்தம். தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்தது. நான் மிஸியின் பைக்கு மேல் விழுந்தேன். படகு ஒரு பக்கம் சரிந்து நின்றுவிட்டது.

அத்தான் கடலைப் பார்க்கவில்லை. சார்ட்டைப் பார்த்தார். “இங்கை தரை இருக்க ஏலாது” என்றார்.

“தரைக்கு அது தெரியாதே, ஐயா” என்றார் மிஸி.

தடி ஊன்றித் தள்ளினோம். பாயை இறக்கினோம், ஏற்றினோம். படகின் அடியில் நாலடிக்கு நீட்டிக்கொண்டிருந்த இரும்பு, மணலில் நன்றாக இறங்கிவிட்டது. பின்னேரம் நீர் ஏறினால்தான் அசையும் என்று அத்தான் சொன்னபோது மிஸி மணிக்கூட்டைப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் சார்ட்டின் மூலையைப் பார்த்தேன். எறும்பு எழுத்து. அளந்தது என் பூட்டன் பிறக்க முந்தி. அதற்குக் கீழே இன்னொரு வரி: இந்தப் பகுதி முழுதாக அளக்கப்படவில்லை, கவனம். பாவம் சார்ட்... அது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. வாசிக்காதவர்கள் நாங்கள்.

முந்நூறு யார் தூரத்தில் ஒரு வள்ளம் நின்றது. மூன்று பேர் தண்ணீரில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டோம், காற்று எதிர்ப்பக்கம் கொண்டுபோனது. துவாயை எடுத்து வீசினேன். அவர்களும் சந்தோஷமாகக் கையை வீசிவிட்டு வலையைத் தொடர்ந்து இழுத்தார்கள்.

திரும்பிப் பார்த்தால், மிஸி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கிறார். பை தலையில்.

“மிஸி! நீந்தத் தெரியுமோ?”

“தெரியாது. நடக்கத் தெரியும். அவை நிக்கினம்தானே? அப்ப எனக்கும் தரை இருக்கும்.”

இறங்கிவிட்டார். முதலில் நெஞ்சு மட்டம். பிறகு இடுப்பு. பிறகு முழங்கால்... ஏதோ வேலணைச் சந்தைக்குப் போகிறவர் மாதிரி நடந்தார். நானும் இறங்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். தீவில் பிறந்த தீவான்தான், ஆனால் எனக்கும் நீந்தத் தெரியாது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தான் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் குதித்தார். கயிறு நூறு அடியோடு முடிந்துவிட்டது.

வள்ளத்துக்குக் கிட்டப் போனபோது ஒரு பள்ளம். மிஸியைக் காணவில்லை. பை மட்டும் தண்ணீருக்கு மேலே, இரண்டு கைகளில் நின்றது. எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று... தலை மேலே வந்தது. வள்ளக்காரர்கள் வலையை விட்டுவிட்டு ஓடினார்கள்.

அவரைத் தூக்கி ஏற்றி, பாயை விரித்து, நெடுந்தீவுப் பக்கம் போனார்கள்.

பின்னேரம் நீர் ஏறியதும் அதே மூன்று பேர் வந்து எங்களை இழுத்துவிட்டார்கள். பெண் பிள்ளையாம். கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். மிஸி அரைமணி பிந்தியிருந்தால் பிள்ளை தப்பியிராதாம். அத்தான் படகின் ஓரத்தில் போயிருந்து முகத்தைத் துடைத்தார். கடல் தண்ணிதான் என்றார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

மிஸி நேர்மையான மனுஷி. அன்றாடக் குறிப்பில், பிந்திய காரணத்துக்கு, நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டார்: ‘படகு தரை தட்டியது. கடலில் இறங்கி நடந்தேன்.’ போன கிழமை யாழ்ப்பாணத்துச் சுகாதாரக் கந்தோரின் அதிகாரியிடமிருந்து விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் வந்தது. பொய்க் குறிப்பு எழுதியது ஏன்? வேலைக்கே உலை வைக்கிற கேள்வி.

சாட்சிக்கு நானும் அத்தானும் போனோம். ஆதாரமாகச் சார்ட்டையும் கொண்டுபோனோம்! மிஸி நடந்த இடத்தில் அத்தான் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போட்டிருந்தார். அதிகாரி நெடுந்தீவை வாழ்நாளில் பார்க்காதவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“இங்கை நாலு பாகம் எண்டல்லோ கிடக்கு. இருபத்திநாலு அடியிலை அம்மா எப்பிடி நடந்தவ?”

“சார்ட் பிழை, ஐயா” என்றார் அத்தான். அவர் வாயால் அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பது எனக்குத் தெரியும்.

“அச்சடிச்சது பிழை. நீர் சொல்லுறது சரி?”

அத்தான் சார்ட்டை மடித்தார். இதே கேள்வியைத்தான் அவர் ஒரு மாதமாகத் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்தாராம், பிறகு சொன்னார்.

மிஸி பேனையை வாங்கினார். குறிப்பில் பழைய வரியை வெட்டிவிட்டு எழுதினார்: ‘லோஞ்ச் பிந்தியதால் தாமதம்.’ நாங்கள் இருவரும் கீழே கையெழுத்து வைத்தோம். அன்றைக்கு லோஞ்ச் ஓடவே இல்லை!

“இதை முதலே எழுதியிருக்கலாமே” என்று அதிகாரி அன்பாகச் சொல்லி, சீல் குத்தினார்.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன்: “பொய் எழுத மனம் வந்ததோ, மிஸி?”

“பிள்ளை பிறந்த நேரத்தைச் சரியாப் போட்டிருக்கிறன், மாஸ்டர். மற்றது அவையின்ரை திருப்திக்கு.”

கடலில் தரை தட்டினால் பின்னேரம் நீர் ஏறும். கந்தோரில் தரை தட்டினால், பொய்தான் ஏற வேண்டியிருக்கிறது!