ஓட்டை விழுந்த டிக்கெட்டுகள்

பாட்டுக் கச்சேரி நடக்காவிட்டால் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுப்பார்கள் என்று முதன்முதலாகக் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதுவரைக்கும் என் கையை விட்டுப் போன காசு எதுவும் வழி தெரிந்து வீட்டுக்குத் திரும்பியதில்லை. என் வீட்டுக்காரர் கையை விட்டுப் போன காசைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது சாராயக் கடையிலேயே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் தையல் மிஷினில் வேலை பார்த்தேன். ஷூ என்றால் முழு ஷூ இல்லை, மேல்பாகம் மட்டும். அடிப்பாகத்தை எந்த தேசத்துக்காரனோ ஒட்டிக்கொள்வான். மூன்றாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடம் என்னைப் பொறுத்துக்கொண்டது. அதற்கு மேல் அதற்கும் முடியவில்லை, எனக்கும் முடியவில்லை. ஆனால் வாய் இருந்தது. தையல் ஹாலில் அத்தனை மிஷின் சத்தத்துக்கும் மேலே என் குரல் கேட்கும். சூப்பர்வைசர் நடப்பது, அதட்டுவது, மூக்கை உறிஞ்சுவது எல்லாவற்றையும் செய்து காட்டுவேன். ஒருநாள் அவரே தூணுக்குப் பின்னால் நின்று முழுசாகப் பார்த்துவிட்டு, "மூக்கு உறிஞ்சறது மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குது" என்று திருத்தம் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு எதிரே, ஓட்டை போடும் மிஷினில் என் தோஸ்த். ஷூவில் கயிறு கோக்கிற ஓட்டைகளை அவள்தான் போடுவாள். நானும் அவளும் ஒரே தெரு, ஒரே சர்ச், கல்யாணமும் முன்னே பின்னே ஒரே மாசத்தில். என் மூத்த பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். அவள் மாமியார் செத்தபோது அழுகை வராமல் திருதிருவென்று முழித்தவளைத் தொடையில் கிள்ளி அழ வைத்தவள் நான். அப்படிப்பட்ட பழக்கம்.

அவள் புருஷன் கமிஷன்காரர். தோல் மண்டியில் கமிஷன், மாட்டுச் சந்தையில் கமிஷன், காலி மனை விற்றால் கமிஷன். அவர் தும்மினால்கூடப் பக்கத்தில் இருக்கிற டாக்டரிடம் கமிஷன் வாங்கிவிடுவார் என்று நான் சொல்வேன். அவளுக்குக் கோபமே வராது. "அத அவரு காதுல போட்டுடாதடி, நெஜமாவே போயி கேட்டுடப் போறாரு" என்பாள்.

அந்த வருஷம் மெட்ராஸிலிருந்து சினிமாவில் பாடுகிறவர்கள் வரப்போகிறார்கள், பள்ளிக்கூட மைதானத்தில் கச்சேரி என்று ரிக்‌ஷாவில் மைக் கட்டி ஊர் முழுக்கக் கத்தினார்கள். டிக்கெட் விற்கிற வேலையில் அவள் புருஷனும் சேர்ந்துகொண்டார். விற்கிற ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அவருக்குக் கமிஷன். அவர் கொடுத்தனுப்பியதை அவள் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டு வந்தாள். விற்றது என் வாய்.

"காசு குடுத்துப் பாட்டு கேக்கணுமாக்கா? டீக்கடை ரேடியோ சும்மாவே பாடுது" என்றாள் ஒருத்தி.

"ரேடியோ உன் மூஞ்சியப் பாத்தா பாடுது? இவங்க பாத்துப் பாடணும். நடுவுல பயந்து நிறுத்தாம இருந்தா சரி" என்றேன்.

அவளும் வாங்கினாள். தையல் ஹாலில் அநேகமாக எல்லாரும் வாங்கினார்கள். பேரணாம்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற ஒரு பெரியக்கா இருந்தாள். புருஷன் போன பிறகு பண்டிகைக்குக்கூடத் தனக்கென்று ஒன்றும் வாங்காதவள். அவளும் புடவை முடிச்சை அவிழ்த்தாள். "நீ சொல்றன்னு வாங்கறேன். ஒரு நாளாவது கால நீட்டி உக்காந்து பாட்டு கேக்கலாம்" என்றாள். நீ சொல்றன்னு. அந்த வார்த்தை அன்றைக்கு எனக்குத் தலையில் பூ வைத்த மாதிரி இருந்தது.

வாங்கிய டிக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் ஒருத்திக்கும் தைரியமில்லை. வீட்டுக்காரர் கண்ணில் பட்டால் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவரே கூட்டாளியோடு போய்விடுவார். அதனால் கச்சேரி வரைக்கும் கம்பெனியிலேயே இருக்கட்டும் என்று எல்லாரும் என்னிடம் கொடுத்தார்கள்.

எங்கள் கம்பெனியில் கோக்காமல் கிடக்கும் எந்தப் பொருளும் காணாமல் போகும். வெட்டிய தோல் துண்டுகளை ஓரமாக ஓட்டை போட்டு, நூலில் கோத்து, கட்டாகக் கட்டித்தான் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு அனுப்புவோம். அந்தப் பழக்கம் முற்றிப்போய் எங்கள் வீடுகளில் கரண்ட் பில், ரேஷன் கடை ரசீது எல்லாமே ஓட்டை போட்டு நூலில் ஆணியில் தொங்கும். என் கல்யாணப் போட்டோவையே கோக்கப் போனேன். வீட்டுக்காரர் தலையில் ஓட்டை விழும் போலிருந்ததால் விட்டுவிட்டேன்.

"குடு இங்க" என்று என் தோஸ்த் டிக்கெட்டுகளை வாங்கினாள். அடுக்கித் தட்டி மிஷினுக்கு அடியில் வைத்து ஒரே அமுக்கு. எல்லாவற்றிலும் ஓரத்தில் அழகான வட்டம். நூலைக் கோத்து முடிச்சும் அவளே போட்டாள். "இனிமே எவளாலயும் ஒண்ண மட்டும் உருவ முடியாது" என்று நீட்டினாள். நான் என் மிஷின் பக்கத்து ஆணியில் மாட்டினேன். அவளுக்குப் புருஷன் மூலமாக ஓசி பாஸ். அதனால் அந்தக் கட்டில் அவள் டிக்கெட் இல்லை.

கச்சேரி அன்றைக்குப் பார்த்துக் கப்பலுக்குச் சரக்கு போகணும் என்று ஓவர்டைம் போட்டார்கள். முடித்துவிட்டு, தோல் வாசனை தெரியாமல் இருக்க ஒரே பவுடர் டப்பாவை எல்லாரும் மாற்றி மாற்றி அப்பிக்கொண்டு, நான் டிக்கெட் கட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு முன்னால் ஓட, கூட்டமாக மைதானத்துக்கு ஓடினோம். என் தோஸ்தும் எங்களோடுதான் ஓடி வந்தாள். கேட்டுக்குப் போய்ச் சேரும்போது ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மெட்ராஸ் பாட்டுக்காரர்கள் வரவேயில்லையாம். கார் ரிப்பேர் என்று ஒருத்தர் சொன்னார். முன்பணம் கொடுக்காததால் கிளம்பவே இல்லை என்று இன்னொருத்தர் சொன்னார். காத்திருந்த ஜனங்களுக்கு உள்ளூர்ப் பையன்கள் கொஞ்ச நேரம் பாடியிருக்கிறார்கள்.

மைக்கில் அறிவித்தார்கள். உள்ளே வராதவர்களுக்கு டிக்கெட் காசு வாபஸ். கேட்டில் டிக்கெட்டுக்கு ஓட்டை போட்டு உள்ளே வந்தவர்கள் பையன்களின் பாட்டைக் கேட்டுவிட்டதால் அவர்களுக்குக் கிடையாது.

"அதக் கேட்டதுக்கு அவங்களுக்குத்தாண்டி ஜாஸ்தியா குடுக்கணும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்று சிரித்துவிட்டுக் கலைந்தோம். ஓட்டை என்று மைக்கில் சொன்னது எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை. நாள் முழுக்க ஓட்டையைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அது கண்ணிலேயே படாது.

காசு வாபஸ் கொடுக்கிற இடம் ஒரு சைக்கிள் கடை மாடி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பெண்களெல்லாம் கீழே ரோட்டில் நிற்க, நான் மட்டும் கட்டோடு மேலே ஏறினேன். மேஜையில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு ஆள். நூலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கருவாடு கோத்த மாதிரி?"

"பத்திரமா இருக்கட்டும்னு கோத்து வச்சோம் சார்."

"எல்லாத்துலயும் ஓட்டை இருக்குதே. உள்ள உக்காந்து கேட்டுட்டு வந்து வாபஸ் கேக்கறியா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பெனிப் பழக்கத்தைச் சொன்னேன். மிஷின் எப்படி அமுக்கும் என்று அவர் மேஜைமேலேயே அமுக்கிக் காட்டினேன். அவர் நல்ல மனுஷன்தான், பொறுமையாகக் கேட்டார்.

"இத வித்தவரு காலையிலயே வந்துட்டாரும்மா. கம்பெனி பொம்பளைங்க எல்லாம் உள்ள போயி பாத்தாங்க, நம்பாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. வாபஸ் ஆவற ஒவ்வொண்ணுக்கும் அவரு வாங்கின கமிஷன எங்களுக்குத் திருப்பித் தரணும். அதனால அவரு பேச்ச நானும் முழுசா நம்பல. ஓட்டை போட்டது யாருன்னு சொன்ன?"

"அவரு பொஞ்சாதிதான் சார்!"

"அப்ப அந்தம்மாவக் கூட்டிக்கினு வா. நான்தான் போட்டேன்னு அவங்க வாயால சொல்லட்டும். எல்லாருக்கும் குடுத்துடறேன்."

புருஷன் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிதாகப் படவில்லை. கமிஷன்காரர் வேறென்ன சொல்வார். இவள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. கீழே இறங்கி, "அஞ்சு நிமிஷம் இருங்கடி, சாட்சியக் கூட்டியாறேன்" என்று கத்திவிட்டு ஓடினேன்.

அவள் கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அரைத்ததையே இன்னொரு தரம் அரைத்தாள். பிறகு, "நீ நட, வர்றேன்" என்று கையைக் கழுவினாள். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். சைக்கிள் கடை வாசலில் பெண்கள் அவளுக்குப் பெண் அழைப்பு மாதிரி வழி விட்டார்கள்.

மேலே போனால், அதற்குள் திரும்பி வந்திருந்த அவள் புருஷன் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரர் கட்டைத் தூக்கிக் காட்டினார். "இந்த ஓட்டை நீ போட்டதாம்மா?"

அவள் சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். "இல்லீங்க. எனக்குத் தெரியாதுங்க."

நான் சிரித்துவிட்டேன். விளையாடுகிறாள் என்றே நினைத்தேன். இத்தனை வருஷம் நான் விளையாடியதற்கு இன்றைக்கு அவள் முறை என்று நினைத்தேன். "அடியே, போதும். சாருக்கு நேரமாவுது, சொல்லு" என்றேன்.

"இவங்க எல்லாம் கச்சேரிக்கு உள்ள போனாங்களா?" என்று அவர் கேட்டார்.

"போனாங்கன்னுதான் நெனைக்கறேங்க."

பொய் சொல்வதென்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். கேட்டுக்கு வெளியே என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றவள், நினைக்கிறாளாம். பெஞ்சில் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். "நான் இன்னாம்மா பண்ண முடியும்?"

கீழே வந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. யாரும் என்னை நம்பியதாகவும் தெரியவில்லை.

"சும்மா தமாஷுக்குச் சொல்றியாக்கா?" என்றாள் ஒருத்தி. நான் எப்போதும் பேசுகிற பேச்சுக்கு அவள் வேறென்ன நினைப்பாள்.

பேரணாம்பட்டுப் பெரியக்கா மட்டும் சத்தம் போடாமல் சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. வித்ததும் நீங்கதான், வாங்கி வச்சதும் நீங்கதான். உங்களுக்குள்ள இன்னா பேச்சோ, எங்களுக்கு இன்னா தெரியும்?"

"ஐயோ, என்னையா சொல்றீங்க பெரியக்கா?"

"நான் யாரையும் சொல்லல. என் டிக்கெட்டக் குடு."

காசுக்கு ஆகாத டிக்கெட்டை ஒவ்வொருத்தியும் கேட்டு வாங்கினாள். என் கையில் விட்டு வைக்கக் கூடாதாம். முடிச்சு அவிழவில்லை. ஒருத்தி பல்லால் கடித்து அறுத்தாள்.

மறுநாள் கம்பெனியில் அவள் எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். காலை டீக்கு மிஷின்கள் நின்றபோது என் பக்கத்தில் வந்து முட்டியால் இடித்தாள்.

"கோவமாடி?"

நான் மிஷினில் நூல் மாற்றுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"கமிஷன் காச அவரு எப்பவோ செலவு பண்ணிட்டாரு. திருப்பிக் குடுன்னா என் காதுல இருக்கற கம்மலத்தான் கழட்டுவாரு. கழட்டறதோட விடுவாரா, ரெண்டு வப்பாரு."

"அதுக்கு என்னப் பொய்க்காரி ஆக்கிட்டியேடி. அவங்க எல்லாம் என்னத் திருடியாட்டம் பாக்கறாங்க."

"உன்ன விட்டா நான் வேற யாருகிட்ட இப்படிப் பண்ண முடியும், சொல்லு?" அவள் குரலில் கொஞ்சம்கூடத் திருட்டுத்தனம் இல்லை. "அவரு அடிச்சா நான் தாங்குவனா? நீ இன்னா பண்ணுவ? நாலு நாளு என்னக் கிண்டல் பண்ணுவ. நீதான் எதுன்னாலும் சிரிச்சுட்டுப் போறவளாச்சே. அவங்களையும் நாளைக்கே சிரிக்க வச்சிடுவ."

என்னைப் புகழ்வது போலத்தான் சொன்னாள். நான் அவளை எத்தனையோ வருஷம் சிரிக்க வைத்திருக்கிறேன். அத்தனை வருஷமும் இவள் என்னைப் பார்த்து, இவளுக்கு எதுவும் வலிக்காது என்று முடிவு செய்து வைத்திருக்கிறாள். திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நல்ல நல்ல கெட்ட வார்த்தையெல்லாம் எனக்குத் தெரியும், அவள் புருஷனுக்கென்று தனியாகச் சிலதுகூட வைத்திருந்தேன். ஆனால் பழகின வாய். அது தன் பாட்டுக்கு வேறு எதையோ சொன்னது.

"அந்தக் கம்மலப் பத்திரமா போட்டுக்கோடி. எங்க ஹால் காசே உன் காதுல தொங்குது."

அவள் பக்கென்று சிரித்துவிட்டாள். நிம்மதியில் வந்த சிரிப்பு, அடக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். அவள் சிரிப்பதைப் பார்த்து என் முகமும் கோணிக்கொண்டு சிரித்தது. நிமிர்ந்தால், டீ டம்ளரும் கையுமாகப் பெரியக்கா எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன் என்பது போலப் பெரியக்கா டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

மத்தியானம் மணி அடித்ததும் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். வழக்கமான இடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் வருவதைப் பார்த்து ஒருத்திக்கொருத்தி நெருங்கி உட்கார்ந்தார்கள், என்னைச் சேர்த்துக்கொள்ள அல்ல. தள்ளி ஓரத்தில் என் தோஸ்த் தனியாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்துகொண்டு, பக்கத்துத் தரையைக் கையால் துடைத்துவிட்டாள். அந்தக் கொட்டகையில் எனக்கு இடம் விட்டவள் அவள் ஒருத்திதான்.

வேறு எங்கே போவேன்? உட்கார்ந்தேன்.