இரண்டாவது கையெழுத்து

என் மகனுக்குப் பதினான்கு வயதான கோடையில், கிளப் ஒன்றில் ஃபுட்போல் விளையாட அனுமதி கேட்கும் படிவம் ஒன்று எனக்கு வந்தது. காலால் உதைக்கும் பந்தாட்டம் அல்ல. ஹெல்மெற்றும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு ஆளை ஆள் மோதி விழுத்துகிற, நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டு ஆட்டம். அவனுடைய அம்மா ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தாள். நாங்கள் பிரிந்து மூன்று வருடம். பிள்ளையின் விஷயங்களை இருவரும் சேர்ந்தே முடிவு செய்யவேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டாவது கோடு எனக்காகக் காலியாக இருந்தது.

நகரத்தில் வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில், ஒரு வீட்டின் பேஸ்மன்றில், நிலத்துக்குக் கீழிருந்த அறையில், தனியாக இருந்தேன். மகன் ஒன்றுவிட்டு ஒரு வார இறுதி வருவான். மற்ற நாட்களில் பேக்கரி வேலை முடிந்து வந்தால் கதைக்க ஆளில்லை. நான்கு நாட்கள் போனில் தேடித் தேடி வாசித்தேன். ஹெல்மெற் மண்டையோட்டைக் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது என்று ஒரு மருத்துவர் எழுதியிருந்தார். பயந்து வீட்டுக்குள் வைத்திருந்தால் பிள்ளை முடங்கிப்போகும் என்று ஒரு தகப்பன் எழுதியிருந்தார். இரண்டுமே எனக்குச் சரியாகப் பட்டன. வேலையிடத்தில் ஓர் அண்ணையிடம் கேட்டேன். தன் பிள்ளைகள் இருவரும் செஸ்தான் விளையாடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு அவர் தேநீரைக் குடித்தார்.

கடைசியில் கையெழுத்துப் போட்டேன். மறுத்தால் எனக்கு மிஞ்சியிருந்த வார இறுதிகளும் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம்.

மூன்றாவது ஆட்டம் ஒரு சனிக்கிழமை. மற்றக் குடும்பங்கள் மடக்குக் கதிரைகளும் போர்வைகளுமாகக் கூடியிருந்தன. நான் வேலியோரம் நின்றேன். பந்தோடு ஓடி வந்தவனை மறிக்கப் பாய்ந்தபோது மகனின் தலை அந்தப் பையனின் முழங்காலில் அடிபட்டது. மகன் விழுந்த உடனே எழுந்து வரிசைக்கு ஓடினான். எழுந்துவிட்டதால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

திரும்பி வரும்போது காரில் கேட்டான்.

"அப்பா, நாங்கள் வின் பண்ணினமா?"

பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். வென்றீர்கள் என்றேன். இரண்டு சிக்னல் தாண்டியதும் அதையே திரும்பக் கேட்டான், முதல் தடவை கேட்பவன் போல. மூன்றாம் முறை கேட்டபோது காரைத் திருப்பி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். பக்கத்தில் அவன் அமைதியாக யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டொக்டர், தமிழ்நாட்டுப் பெண், அவன் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். ஜூலையில் தடுமாறினான். மூளை அதிர்ந்திருக்கிறது, ஓய்வெடுத்தால் ஆறிவிடும் என்றார். ஆறுவதற்கு முன் இன்னோர் அடி பட்டால்தான் ஆபத்து அதிகம். ஆறியபின் விளையாட விடலாமா என்று கேட்டேன்.

"அதை நீங்களும் அவங்க அம்மாவும்தான் முடிவு பண்ணணும்," என்றார்.

ஐந்து வாரத்தில் அவனுக்குத் தலையிடி முற்றாக நின்றது. மீண்டும் விளையாடலாம் என்று குடும்ப டொக்டர் கடிதம் கொடுத்தார். கிளப்பிலிருந்து புதிய படிவம் வந்தது. அவனுடைய அம்மா மீண்டும் கையெழுத்திட்டாள். நான் போடவில்லை. அவள் தொலைபேசியில் கத்தவில்லை. பிள்ளைக்கு இப்போதுதான் நாலு நண்பர்கள் கிடைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள். அது உண்மைதான்.

மகன் போனை வாங்கினான்.

"அது என்ர தலை, அப்பா."

"ஓம். ஆனா ஒரே கேள்வியை நீ மூண்டுதரம் கேட்டனி. உனக்கு அது ஞாபகமில்லை. எனக்கு இருக்கு."

அவன் போனை வைத்துவிட்டான்.

அதன்பின் அவன் வரவில்லை. என் முறை வந்த வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் கட்டடத்தின் முன் காரை நிறுத்திக் காத்திருப்பேன். அவனுடைய அம்மா கீழே வந்து, இந்த முறையும் மாட்டன் என்கிறான் என்பாள். அவள் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. நான் தனியே திரும்பி, இரண்டு பேருக்கென்று வைத்திருந்த கறியைத் திங்கள், செவ்வாய் வரை சாப்பிடுவேன். கையெழுத்துப் போட்டால் அடுத்த கிழமையே வந்துவிடுவான் என்று தெரியும். பல தடவை பேனையை எடுத்தும் இருக்கிறேன்.

டிசம்பரில், ஆட்டக் காலம் முடிந்தபின், அவனாகவே வந்தான். சற்று உயர்ந்திருந்தான். புட்டும் கோழிக்கறியும் இரண்டு தட்டுச் சாப்பிட்டான். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன், பரவாயில்லை என்றான். பிறகு தட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"பதினெட்டு வந்தா நானே சைன் பண்ணுவன்."

"ஓம், அப்ப நீதான் போடவேணும்," என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுச் சோஃபாவில் போய்ப் படுத்தான். நான் சரியாகத்தான் செய்தேனா என்று அவனிடம் கேட்க முடியாது. வேறு யாரிடமும் கேட்கவும் இல்லை. தட்டுகளை எடுத்துக் கழுவினேன்.