டிராக்டரின் பின்னால் ஏறி நின்றவர்

1987ஆம் ஆண்டு தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ரொறன்ரோவில், அஜின்கோர்ட் பக்கம் ஒரு பாடசாலையில் நான் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். கூட்டுவது, துடைப்பது, பனி கொட்டினால் ஒதுக்குவது எல்லாம் என் பொறுப்பு. பனிக்கென்று அவர்கள் தந்தது, கோடையில் புல் வெட்டும் சின்ன டிராக்டர்தான். முன்னால் ஓர் அகன்ற இரும்புத் தகட்டைப் பூட்டிவிட்டால் பனி தள்ளும். அந்த வாரம் முழுக்கப் பனி விட்டபாடில்லை. முதுகும் தோளும் என்னுடையவை போலவே இல்லை.

அன்று பாடசாலை மண்டபத்தில் ஒரு தமிழ்க் கலியாணம். எனக்குத் தெரியாத ஆட்கள். தையில் நல்ல முகூர்த்தமாகப் பார்த்து வைத்திருந்தார்கள். ஊர்ப் பஞ்சாங்கத்தில் பனிப்புயலுக்கு இடம் கிடையாது.

இருட்டோடு எழும்பித் தள்ளத் தொடங்கி, மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் கார் நிறுத்தும் இடத்தை ஒருவாறு வெளியாக்கிவிட்டேன். மாப்பிள்ளையும் ஐயரும் உள்ளே போனார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா பெண் வீட்டாரை வரவேற்க வெளியே நின்றார். பருத்த மனிதர். குளிர்க் கோட்டுக்குக் கீழே பட்டு வேட்டி. தகப்பன் இல்லாத பெடியனைச் சின்ன வயதிலிருந்து வளர்த்ததும், கனடாவுக்குக் கூப்பிட்டதும் தானே என்று சொன்னார். தாலி கட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்துவிட்டால் தன் பொறுப்பு முடிந்தது என்றார். பிறகு, நான் தள்ளியது நேராக இல்லை என்று குறை சொன்னார்.

பெண் வீட்டாரின் வான் தெருமுனையில் தெரிந்த நேரம் நகரசபையின் பெரிய பனி லொறி எங்களைக் கடந்து போனது. தெருவில் வழித்ததையெல்லாம் எங்கள் வாசலில் கொட்டிவிட்டுப் போனது. இடுப்பளவு உயரம். உப்பும் ஊத்தையும் சேர்ந்து இறுகிய கட்டிகள். வான் தெருவிலேயே நின்றது. அதற்குப் பின்னால் வயதானவர்களோடு மூன்று கார்கள். வேகமாக வரும் லொறிகள் அவற்றை ஒட்டி விலகிப் போயின.

டிராக்டரைக் கொண்டுபோய் மோதினேன். தகடு முட்டி நின்றது. பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. வழக்கமாகப் பின்னால் இரண்டு மண் மூட்டைகளைக் கட்டியிருப்பேன். விருந்தாளிகள் வழுக்கி விழக்கூடாதென்று அன்று காலைதான் அந்த மண்ணைப் படிகளில் தூவியிருந்தேன்.

"உந்த விளையாட்டுச் சாமானாலை இந்தப் பனியைத் தள்ளேலுமே, தம்பி?" என்றார் சித்தப்பா.

பின்னுக்குப் பாரம் போதாது, பாரமான ஆள் ஆராவது ஏறி நின்றால் தள்ளும் என்றேன். யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

மண்டப வாசலில் நின்ற அவருடைய மனைவி, "இவ்வளவு காலமும் வளத்த வயிறு இண்டைக்காவது உதவட்டும். ஏறுங்கோவன்" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்க இரும்புச் சட்டத்தில் ஏறி, என் தோள்களைப் பிடித்துக்கொண்டார்.

சக்கரங்கள் நிலத்தைப் பிடித்தன. பின்னால் எடுத்து மோதினேன். மறுபடியும் எடுத்து மோதினேன். ஒவ்வொரு மோதலுக்கும் தானே தள்ளுவதுபோல அவர் முனகினார். பெண்ணைத் தூக்கி இந்தப் பக்கம் விடட்டுமா என்று வானிலிருந்து யாரோ கேட்டார்கள். "கூறை உடுக்கப்போற பிள்ளையைச் சாக்கு மாதிரித் தூக்கிறதே? பொறுங்கோ" என்றார் சித்தப்பா. முகூர்த்தம் போகிறது என்று ஐயர் ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு வான் அளவுக்கு வழி விட்டது. பெண் உள்ளே போனாள். வெளியே நின்ற எல்லோரும் அவளுக்குப் பின்னால் ஓடினார்கள்.

ஆனால், வான் உரசிப் போனதில் இரண்டு பக்கமும் சரிந்து வழி மறுபடி மூடிவிட்டது. மூன்று கார்களும் தெருவிலேயே நின்றன. ஒரு லொறி நீளமாக ஹோன் அடித்துக்கொண்டு மயிரிழையில் விலகிப் போனது.

"நீங்கள் போங்கோ அண்ணை, தாலி கட்டப்போகினம்" என்றேன்.

அவர் மண்டபத்தைப் பார்த்தார். கார்களைப் பார்த்தார்.

"நான் இறங்கினால் இது தள்ளுமே?"

"தள்ளாது" என்றேன். பொய் சொல்லக்கூட எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

அவர் இறங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மண்டபத்திலிருந்து கெட்டிமேளம் கேட்டது. கசெற்றில் போட்ட மேளம்தான். நான் டிராக்டரை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். அவர் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. வழுக்கைத் தலையில் பனி விழுந்துகொண்டிருந்தது. மேளம் ஓயும்வரை அப்படியே நின்றார். பிறகு தொப்பியைப் போட்டார்.

"கட்டியாச்சு. நீர் தள்ளும், தம்பி."

மூன்று கார்களும் உள்ளே வந்த பிறகுதான் இறங்கினார். கால்கள் மரத்துப்போயிருந்ததால் என்னைப் பிடித்துக்கொண்டே மண்டபம் வரை நடந்தார். அதற்குப் பிறகு நான் அவரைச் சந்திக்கவில்லை. இப்போதும் ஒரு கலியாணத்துக்குப் போனால், உள்ளே எல்லாம் நல்லபடி நடப்பதற்காக வெளியே யாராவது நின்றுகொண்டிருக்கிறார்களா என்று வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.