போலந்துக்குப் போகாத பார்சல்

ஆக்லாந்துத் தபால் நிலையத்தில் எனக்கு முன்னால் நிற்கும் போலந்து மூதாட்டி, தம் ஊருக்கு மருந்துப் பார்சல் அனுப்புகிறார். போலந்துக்காரர் மிகுதியாகவும் லிதுவேனியரும் பெலாரசியரும் இடையிடையேயும் வாழும் அந்த எல்லைச் சிற்றூரை இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சோவியத் ஒன்றியம் விழுங்கிற்று. விழுங்கியதற்குச் சமாதானம் என்று பெயரும் சூட்டிற்று. மூதாட்டியோ முகவரியில் இன்னும் ‘போலந்து’ என்றே எழுதுகிறார்.

“இவவின்ர தங்கச்சிக்கு இருதய வருத்தமாம், தம்பி. நாட்டுப் பேர் பிழையெண்டு பார்சல் ரெண்டு தரம் திரும்பி வந்திட்டுது,” என்று என்னிடம் தமிழில் சொல்கிறார் கவுண்டரில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்.

நான் ஆங்கிலத்திலும் பட்டிமன்றக் குரலை விடாமல் மூதாட்டியைக் கேட்கிறேன்: “அம்மா, பெரிது எது? நாட்டின் பெயரா, தங்கையின் உயிரா?”

அவர் என்னை முறைக்கிறார். பேனாவை மூடி வைத்துவிட்டு, ‘போலந்து’க்குக் கீழே பென்சிலால் ‘சோவியத் ஒன்றியம்’ என்று எழுதுகிறார்.

“பென்சில் அழிஞ்சு போடுமே, அம்மா?” என்று அவரிடம் ஆங்கிலத்தில் கேட்கிறார் கவுண்டர்க்காரர்.

“மருந்து போய்ச் சேரும்வரைக்கும் இருந்தால் போதும்.”