மூன்று கடை முதலாளியிடம் யாரும் கேட்காத கேள்வி

நாலாம் வகுப்போடு நின்ற நான் இன்று திண்டுக்கல்லில் மூன்று ஹார்டுவேர் கடைக்கு முதலாளி. போன வருடம் மூச்சு வாங்கியது. நுரையீரலைச் சுற்றி நீர் என்றார்கள். இரண்டு முறை ஊசி குத்தி எடுத்தார்கள், காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். நீர் மறுபடி சேர்ந்தது. மதுரையில் ஒரு டாக்டரம்மாதான், “கடைக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்கய்யா?” என்று கேட்டார்.

“கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு அறுத்தேம்மா. என் வேகத்துக்கு நத்தம் வரைக்கும் ஆளு கிடையாது!”

“இத ஏன் யார்ட்டயும் சொல்லல?”

“எவன் கேட்டான்?”

சதை எடுத்துச் சோதித்தார்கள். அந்தச் சீட்டுத் தூசியால் நுரையீரல் உறையில் வரும் அபூர்வப் புற்றுநோயாம். ஒரு கேள்வி கேட்காமல் எட்டு மாதத்தை வீணாக்கிவிட்டார்களே! வைத்தியம் நடக்கிறது. இப்போது எந்த டாக்டரிடமும் பெயருக்கு முன்பே பழைய தொழிலைச் சொல்லிவிடுகிறேன். என்னோடு சீட்டு அறுத்த சாணார்பட்டிக் கூட்டாளியையும், அவன் திட்டத் திட்ட, எக்ஸ்ரே எடுக்க இழுத்துப் போனேன்.