கோடையில எண்ணின தவளை

தவளை சாருக்கு எழுபத்தொரு வயசு. காடு மேடு, குளம் குட்டைன்னு அலைஞ்சு, அங்க இருக்குற உயிருங்களை எண்ணி எழுதுறதுதான் ஆயுசு பூரா அவரு பார்த்த வேலை. மழை விட்டா போதும், தவளையைத் தேடி, எதையோ தொலைச்சவரு மாதிரி குனிஞ்சுக்கிட்டே திரிவாரு. அதான் அந்தப் பேரு.

பத்து நாளைக்கு முன்னாடிதான் பேத்தி பொறந்திருந்தா. சுண்டுவிரல் தண்டி கையி, அதுக்கு நகம் வேற! பால்காரர்ல இருந்து போஸ்ட்மேன் வரைக்கும் ஒருத்தர் விடாம போன்ல படத்தைக் காட்டிக்கிட்டிருந்தாரு.

அந்த சந்தோஷத்துல மண் விழுற மாதிரி நகராட்சியில இருந்து ஒரு நோட்டீஸ் வந்துச்சு. கிழக்கால இருக்குற சதுப்பு நிலத்தை மேடாக்கி பஸ் டிப்போ கட்டப் போறாங்களாம். வெள்ளிக்கிழமை நகராட்சிக் கூட்டத்துல ஓட்டெடுப்பு. கூடவே ஆதாரம்னு ஒரு பழைய தாளு. ‘பாதுகாக்க வேண்டிய உயிரினம் எதுவும் இங்கே இல்லை.’ கீழ கையெழுத்து யாருதுன்னு பார்த்தா, சாட்சாத் அவரோடதுதான்!

முப்பத்திரெண்டு வருஷத்துக்கு முந்தின கூத்து அது. மேலதிகாரி அவசரப்படுத்த, நடுக்கோடையில போயி எண்ணிட்டாரு. கோடையில தவளை எல்லாம் சேத்துக்கு அடியில புதைஞ்சு தூங்கும். இவரு வெடிச்ச தரை மேல நடந்துட்டு, ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டாரு. அடுத்த மழைக்கே காது கிழியுற சத்தம். தப்புன்னு தெரிஞ்சுபோச்சு, ஆனா சொல்ல வெக்கம். அதுக்கப்புறம் வருஷம் தவறாம மழைக்குப் போயி எண்ணுவாரு. அந்தப் பழைய தாளைப் பத்தி மட்டும் மூச்சு விடமாட்டாரு.

“இப்பப் போயி தப்புன்னு சொன்னா, நீங்க எழுதின எல்லாத்தையும்ல சந்தேகப்படுவாங்க?”ன்னாங்க வீட்டுக்காரம்மா.

“படட்டுமே. என் பேரு நாறினா நாறட்டும். மண்ணடிச்ச நிலம் திரும்பி வருமா?”

“முடிவு பண்ணியாச்சுல்ல? அந்தச் சட்டையைக் கழட்டுங்க, இஸ்திரியாவது போட்டுத் தாரேன்.”

வெள்ளிக்கிழமை கூட்டத்துல நகராட்சித் தலைவர் அந்தப் பழைய தாளை ஆட்டிக் காட்டினாரு. “ஐயா, இது நீங்க எழுதினதுதானே?”

“நான்தான். தப்பா எழுதினேன்.”

ஹாலே சிரிச்சுது. “அப்ப எந்தத் தவளை சாரை நாங்க நம்புறது? அன்னைக்கு எழுதினவரையா, இன்னைக்குப் பேசுறவரையா?”

“ரெண்டு பேரையும் நம்பாதீங்க. முதல் மழைக்கு மறுநாள் விடிய நீங்களே வந்து எண்ணுங்க. அதுவரைக்கும் ஓட்டெடுப்பைத் தள்ளி வைங்க.”

“மழைக்கு ரெண்டு மாசம் கெடக்கு. டிப்போ எங்கேன்னு ஜனம் என் சட்டையைப் பிடிக்குதுய்யா!”

“மூடிக் கெடக்குற மில்லு இடத்துல கட்டுங்க. வழி இருக்கு தலைவரே, உங்களுக்கு மனசுதான் வேணும். சதுப்பை மூடினா வெள்ளம் நேரா உங்க தெருவுக்குத்தான் வரும். அப்ப பிடிக்க சட்டையும் இருக்காது.”

உறுப்பினரா இருக்குற தையல்காரம்மா எழுந்தாங்க. “இந்த ஹால்ல ‘நான் தப்பு பண்ணிட்டேன்’னு ஒருத்தரு சொல்லி இன்னைக்குத்தான் கேக்குறேன். நான் எண்ண வாரேன்.” ஓட்டெடுப்பைத் தள்ளி வைக்கலாம்னு கையைத் தூக்கினாங்க. ஒவ்வொண்ணா இன்னும் ஆறு கை எழுந்துச்சு. எதிர்ப்பக்கம் ஆறுதான்.

“ஒரே ஒரு மழை. அதுக்கு மேல கிடையாது,”ன்னாரு தலைவர், கடுகடுன்னு.

“போதும்,”னு தவளை சாரு ஒரு வெள்ளைத் தாளை மேசையில வெச்சாரு. “எல்லாரும் செருப்பு அளவை எழுதுங்க. சேத்துல நடக்க பூட்ஸ் ஏற்பாடு பண்ணணும்.”

“நான் எதுக்கு?”ன்னாரு தலைவர்.

“நீங்க எண்ணாத எண்ணிக்கையை நாளைக்கு நீங்களே செல்லாதும்பீங்க.”

தலைவர் முறைச்சாரு. அப்புறம் பேனாவைத் தொறந்து, ஒன்பதுன்னு எழுதினாரு.