விடுகைப் பத்திரம் கேட்ட வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றே முக்கால். துறைமுக அலுவலகத்தில் பக்கத்துக் கதிரையில் இருப்பவர், கிண்ணியாவிலிருந்து வருபவர், தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"மகளை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப் போறீங்களாம்?"

"ஓம். இங்க பிரயோக கணிதம் படிப்பிச்சவருக்கு இடமாற்றம் வந்திட்டுது. வேற ஆளில்லை. அங்க மச்சான் வீட்டில நிண்டு படிக்கட்டும்."

"அங்க சோதினை எடுத்தா அந்த மாவட்டத்துப் பிள்ளைகளோடதானே போட்டி? பொறியியலுக்கு அங்க கேக்கிற புள்ளி கூட, எங்களுக்குக் கேக்கிற புள்ளி குறைவு. அங்க உள்ளவங்க இங்க வந்து எழுத வழி தேடுறாங்க. நீங்க எதிர்ப்பக்கமாப் போறீங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல்கலைக்கழக அனுமதி மாவட்ட அடிப்படையில் என்று பத்திரிகையில் வாசித்திருந்தேன். அது யாழ்ப்பாணத்தாரின் கவலை என்று பக்கத்தைத் திருப்பியிருந்தேன். எங்கள் வீடுகளில் கணக்கு ஓடுகிற பிள்ளையை யாழ்ப்பாணம் அனுப்புவதுதான் வழக்கம். என்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள். அன்று காலைதான் பாடசாலையை விட்டு விலக மகளின் விடுகைப் பத்திரம் கேட்டு அதிபரிடம் கடிதம் கொடுத்திருந்தேன். பாடசாலை இடாப்பில் பெயரை வெட்டிவிட்டால் நடுவாண்டில் திரும்பச் சேர்க்க மாட்டார்கள்.

மழைக்குள் பாடசாலைக்குச் சைக்கிளை மிதித்தேன். வாசற்கதவு பூட்டியிருந்தது.

"அதிபர் அம்மா கிளாக்கரையும் மறிச்சு வைச்சு வேலை முடிச்சுப்போட்டு இப்பத்தான் போனவ" என்றார் காவலாளி.

பெயரை வெட்டுகிற வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். உப்புவெளியில் இருந்த அதிபரின் வீட்டுக்குப் போனேன்; அங்கும் ஆளில்லை. லிங்கநகரில் எங்கள் வீட்டுக்கு நனைந்தபடி திரும்பினேன். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நாலு பேரிட்டக் கேட்டுப்போட்டெல்லோ கடிதம் குடுத்திருக்கோணும்" என்றாள் அவள்.

மகள் கட்டி வைத்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். "அப்பா, வாத்தியார் இல்லாம இங்க பெயிலாகிறதா, வாத்தியாரோட அங்க புள்ளி காணாம நிக்கிறதா, எது நல்லம்?"

"உயிரியலுக்கு மாறினா என்ன?" என்றேன்.

"தவளை வெட்ட என்னால ஏலாது. நீங்க வந்து வெட்டித் தருவீங்களோ?"

மனைவி சிரித்துவிட்டாள். மகளுடைய முழு வாழ்க்கையையும் ஒரு காலையில், ஒரு கையெழுத்தில் கெடுத்துவிட்டேனோ என்ற பயம் எனக்கு. இதை எழுதும்போதும் அது முழுதாகப் போகவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் படலை திறந்தது. குடையை மடக்கிக்கொண்டு அதிபர் நின்றார். நான் தேடி வந்ததைக் காவலாளி சொல்லியிருக்கிறார்.

"பேர் வெட்டேல்ல" என்றார், உட்காராமலே. "வெள்ளிக்கிழமை கடிதம் தாற தகப்பன்மார் திங்கக்கிழமை திரும்பி வாறது எனக்குத் தெரியும். பிள்ளை வகுப்புக்கு வரட்டும். ஆனா பிரயோக கணிதத்துக்கு எப்ப ஆள் வருமெண்டு மட்டும் என்னட்டைக் கேக்காதேங்கோ."